கடைசிப் பங்கிலிருந்து கூப்பிட்ட இடாப்பு

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதையும் முழுதாகப் படிக்கவில்லை. ஆனாலும் உருத்திரபுரத்துப் பக்கம் எங்கள் வாய்க்காலை என்னைப் போல நடத்தினவன் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரணைமடுத் தண்ணீரை எங்கள் வயல்களுக்குக் கொண்டுவருகிற அந்த வாய்க்காலைப் பதினாலு பங்காகப் பிரித்திருந்தோம். ஒரு பங்கு ஒரு குடும்பத்தின் பொறுப்பு. காலபோக விதைப்புக்கு முன்னம் அவரவர் தங்கள் பங்கை வெட்டித் துப்புரவாக்க வேண்டும். தண்ணீர் முதலில் வந்து விழுகிற ஒன்றாம் பங்கு எனக்கும் என் தம்பிக்கும்.

சண்டை நின்று சமாதான காலம் தொடங்கி, இடம்பெயர்ந்த சனம் திரும்பி வந்த நேரம் என்னைக் கமக்காரர் சங்கத் தலைவராக்கினார்கள். முதல் வெட்டன்று ஒன்றாம் பங்கில் தொடங்கி ஒவ்வொரு பேராக இடாப்புக் கூப்பிட்டேன். கொப்பி இல்லை, எல்லாம் மனப்பாடம். பதினாலாம் பங்குக்கு வர வெயில் ஏறிவிட்டது. புருசன் இல்லாமல் தனியாக வயல் செய்கிற அந்தப் பங்கு அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டா:

"தலைவர், தண்ணியும் உங்களுக்குத்தான் முதல், பேரும் உங்களுக்குத்தான் முதலோ? எனக்கு வாறது உங்கட வயல் நண்டு குளிச்ச மிச்சம்தானே!"

சனம் சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவன் என் தம்பி.

எனக்குச் சுட்டுவிட்டது. அன்றைக்கே சட்டம் போட்டேன். இனி இடாப்பும் கடைசிப் பங்கிலிருந்து, தண்ணீரும் கடைசிப் பங்கிலிருந்து. அவாவின் வயல் நிரம்பாமல் என் மடை திறக்காது. அப்படியே நடத்திக் காட்டினேன். பக்கத்து வாய்க்கால்காரர் வந்து வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பேர்தான் என்னைத் தேர்தலுக்குக் கொண்டுபோனது. வாக்குக் கேள் என்றார்கள், கேட்டேன். சனம் பஸ் ஏறி, இராணுவச் சோதனைச்சாவடி தாண்டிப் போய் எனக்கு வாக்குப் போட்டது. மூன்றாம் வகுப்புக்காரன் எம்.பி.! புறப்படுகிற அன்று அக்கா ஒன்றுதான் கேட்டா.

"என்ர பக்க மதகு இடிஞ்சு தண்ணி வீணாக் கழிவுக் கானுக்க ஓடுது. அதைக் கட்டித் தந்தால் காணும், எம்.பி. ஐயா."

அந்த ஐயாவில் நக்கல் இருந்தது. "பொங்கலுக்கு முன்னம் கட்டுவன்" என்றேன்.

பாராளுமன்றத்தில் இருக்க நல்ல கதிரை, நல்ல குளிர். எட்டு நிமிசம் தந்தார்கள். மதகைப் பற்றிப் பேசினேன். படித்தவர்கள்கூட அப்படிப் பேசமாட்டார்கள். பேசி முடித்து நிமிர்ந்தால் முன்பக்கக் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. இருந்த ஒருவர் கொட்டாவி விட்டார். பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. சீமெந்து சோதனைச்சாவடி தாண்ட அனுமதி வரவில்லை. எத்தனை தரம் எழும்பினேன், எத்தனை படி ஏறினேன்! பிறகு சண்டை திரும்பத் தொடங்கி, ஊருக்குப் போகிற பாதையையே பூட்டிவிட்டார்கள். நான் கொழும்பில், சனம் அந்தப் பக்கம்.

தம்பி இடைக்கிடை தொலைபேசி எடுப்பான்.

"அண்ணை, வெட்டு முடிஞ்சுது. உன்ர முறையிலதான் கூப்பிட்டனான், கடைசியில இருந்து. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போட்டுது. நீ அங்க ஏசியில இரு!"

சண்டை கிட்ட வர ஊர் எழும்பிக் கிழக்கே போனது. தருமபுரத்தில் தம்பியைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதோடு தகவல் அறுந்தது. அவையில் எழும்பிச் சனத்துக்காகக் கத்தினேன். என் தம்பியும் அதுக்குள் என்று சொல்லவில்லை. அவன் இருக்கிறானா இல்லையா என்பதைத் தவிர வேறெதுவும் அந்த மாதங்களில் என் தலைக்குள் இல்லை.

எல்லாம் முடிந்து சனத்தை வவுனியாவில் முகாம்களுக்குள் அடைத்தார்கள். எம்.பி.மாரைப் போய்ப் பார்க்க விடவில்லை. எம்.பி. அட்டையை மடியில் ஒளித்துக்கொண்டு, சொந்தக்காரர் வரிசையில் வெயிலில் நின்றேன். இரண்டு முள்ளுக்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பதினாலாம் பங்கு அக்கா வாளியோடு நின்றா. முதலில் ஆரென்று மட்டுக்கட்டவே முடியவில்லை.

"மதகு கட்டியாச்சோ, எம்.பி. ஐயா? இஞ்ச தண்ணி கொண்டுவாற பவுசர் வரிசையிலயும் நான்தான் கடைசி."

தம்பி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் வாய்க்கால் சனம் ஒவ்வொருவராக வந்து கம்பியைப் பிடித்தது. ஆர் இருக்கிறார், ஆர் இல்லை என்று அறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். முறைப்படி கூப்பிட்டால் என் பங்கு கடைசியில்தான் வரும். உண்மையைச் சொன்னால், அவ்வளவு நேரம் தம்பியைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம் என்பதும் ஒரு காரணம்.

"பதினாலு!"

"ஓம்" என்றா அக்கா. நக்கல் இல்லை.

"பதின்மூண்டு!"

"மனிசன் இல்லை. நானும் மகளும் இருக்கிறம்."

"பன்னிரண்டு!"

ஒருவரும் வரவில்லை. அக்கா தலையை ஆட்டினா. பதினொன்றுக்கும் ஆட்டினா. காவலுக்கு நின்ற சிப்பாய் மணிக்கூட்டைக் காட்டினான். நான் விரைவாகக் கூப்பிட்டேன். சிலர் ஓம் என்றார்கள். சில பங்குகளுக்கு அழுகைதான் வந்தது. இரண்டாம் பங்குக்கு ஒரு கை உயர்ந்தது. மூச்சை இழுத்தேன்.

"காணும், தலைவர்" என்றா அக்கா. "ஒண்டைக் கூப்பிடாதேங்கோ."

கம்பியைப் பிடித்தேன். முள் ஏறியது பிறகுதான் தெரிந்தது.

"கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில, கிணத்தடியில தண்ணிக்கு வரிசை. உங்கட தம்பிதான் முன்னுக்கு நிண்டவர். 'கடைசிப் பங்குக்குத்தான் முதல், அக்கா, அள்ளுங்கோ' எண்டு சிரிச்சுக்கொண்டு என்னை விட்டிட்டுப் பின்னுக்குப் போனவர். நான் வாளியோட பங்கருக்க இறங்க, அந்த வரிசையில செல் விழுந்திட்டுது."

சிப்பாய் எங்களைக் கலைத்தான். அவா வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பாமல் போனா.

அடுத்த அமர்வில் எனக்கு எட்டு நிமிசம் ஒதுக்கியிருந்தார்கள். என் பேரைக் கூப்பிட்டார்கள். நான் எழும்பவில்லை.