எங்கள் தெருவே மூச்சடக்கிய சாயங்காலம்

ரீனா, மெர்சி... இந்த வாரம் அப்பா எழுதுவது உங்கள் இரண்டு பேருக்கும்தான். இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிக்கும் மற்றப் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நீங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. மெர்சி, நீ என் மடியில் தூங்கிவிட்டாய். ரீனா, நீ சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாய். சுவரில் தொங்குகிறவளுக்கு முதுகுக்குப் பின்னால் நடப்பது எப்படித் தெரியும்?

துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசையாக நிற்குமே, அதற்குப் பின்னால் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு. அதற்குள்தான் போட்டி. ‘போல்டரிங்’ என்கிறார்கள். கயிறு கிடையாது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் பலகைச் சுவர், அதில் கலர் கலராகப் பிடிகள், கீழே தடித்த மெத்தை. ஒரே நிறப் பிடிகளை மட்டும் பிடித்து ஏறி, உச்சிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து நிற்க வேண்டும். விழுந்தால் மறுபடி கீழேயிருந்து. மணி அடித்தால் முடிந்தது.

உள்ளே நுழைந்ததும் எனக்கு எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

சுவர் முழுக்க நீலம். கூரைத் தகட்டின் சந்து வழியாக வெயில் சாய்வாக இறங்குகிறது. பிள்ளைகள் கையில் தேய்த்துக்கொள்ளும் வெள்ளைப் பொடி அந்த வெளிச்சத்தில் மெல்ல மிதக்கிறது... கடலடியில் கால் பட்டதும் எழும்புமே ஒரு கலங்கல், அதே மாதிரி. ஆரஞ்சும் பச்சையுமாக அந்தப் பிடிகள் — பவளப்பாறையேதான். கடலின் அடியை யாரோ தூக்கி நிமிர்த்தி வைத்துவிட்டார்கள்!

எட்டாம் வகுப்போடு சங்கு குளிக்கப் போனவன் நான். எனக்கு வேறென்ன தோன்றும்?

வரும்போதே நீ சொல்லிவிட்டாய், ரீனா. “யப்பா, இன்னைக்கும் பாதியில விழுந்தேன்னா இனி அங்கன போகவே மாட்டேன். ஷூவ ஸ்டெல்லாட்ட குடுத்துருவேன்.” சும்மா சொல்கிற குரல் இல்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவிடம் கால் அளவுகூடக் கேட்டு வைத்திருந்தாயாம்.

பாதிக்கு மேல் உனக்கு ஏன் கை தளர்கிறது? சனிக்கிழமைப் பயிற்சியில் கோச் தம்பி வாரா வாரம் சொல்வது ஒன்றைத்தான். “ப்ரீத், ரீனா, ப்ரீத்!” மூச்சு விடு. நீ விடுவதில்லை. கஷ்டமான இடம் வந்தால் கன்னத்தை உப்பிக்கொண்டு அடக்கிவிடுகிறாய். எப்படி விடுவாய்? நம் தெருப் பிள்ளைகளுக்கு விளையாட்டே அதுதானே — தண்ணீருக்குள் யார் அதிக நேரம் மூச்சடக்கி இருப்பது?

அன்று நம் தெருவிலிருந்து ஒரு படையே வந்திருந்தது. என்னோடு வள்ளத்தில் வரும் அந்தோணி மாமா முன்வரிசையில், சலவைச் சட்டையில்.

மற்றப் பிள்ளைகள் ஏறியபோது அவர்கள் வீட்டு ஆட்கள் போட்ட சத்தம் இருக்கிறதே! விசில் என்ன, கைதட்டல் என்ன, ‘கமான் கமான்’ என்ன... அப்புறம் உன் பேரைக் கூப்பிட்டார்கள். நீ மஞ்சள் நிற முதல் பிடியில் கை வைத்தாய்.

நம் ஆட்கள் கப்பென்று அடங்கிவிட்டார்கள்.

ஏன்? வள்ளத்தில் எங்கள் பழக்கம் அப்படி. ஒருவர் கீழே இறங்கிவிட்டால் மேலே இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டோம். காற்று அனுப்பும் கம்ப்ரஸர் சத்தத்திலேயே காது இருக்கும். மேலே வந்து உடையும் குமிழியிலேயே கண் இருக்கும். ஆள் தலையை நீட்டிய பிறகுதான் பேச்சு, சிரிப்பு எல்லாம். இங்கேயும் வாய் தானாக மூடிக்கொண்டது. என் வாயும்தான்.

பாதியில் விழுந்தாய். மறுபடி ஏறினாய். மறுபடியும் விழுந்தாய். மெத்தையில் உட்கார்ந்து எங்களைத் திரும்பிப் பார்த்தாய் பார்... ஒரு வரிசை முழுக்க உம்மென்ற முகங்கள். உனக்கு என்ன தோன்றியிருக்கும்? நம் ஆட்களுக்கே நம்பிக்கை இல்லை என்றுதானே?

மூன்றாவது தடவை. நேரம் முடியப் போகிறது. சுவர் வெளியே துருத்திக்கொண்டு வரும் இடத்தில் நின்றுவிட்டாய். கன்னம் உப்பிவிட்டது.

அப்போதுதான் உங்கள் அம்மா எழுந்தாள். அவள் உடன்குடிக்காரி. கருப்பட்டி வியாபாரக் குடும்பம். வள்ளத்து மௌனம் எல்லாம் அவளுக்கு என்ன கணக்கு?

“ஏளா ரீனா! என்னளா, ஊமக்கோட்டான் மாதிரி தொங்குத? ஏதாவது பேசுளா!”

அந்தோணி மாமா பதறிப்போனார். “ஏளா, சத்தம் போடாத! பிள்ள கீழ கெடக்கு!”

“எங்கன கீழ கெடக்கு? நல்லாப் பாரும் அண்ணாச்சி, மேலல்லா தொங்குதா!”

கிடங்கே சிரித்தது. மாமா ஒரு தடவை தரையைப் பார்த்தார், ஒரு தடவை சுவரைப் பார்த்தார். அம்மா விடுவதாக இல்லை. “காலைல இட்லி வேண்டாம்னு எங்கிட்ட என்ன பேச்சு பேசுன! இப்ப வாயில என்ன, கொழுக்கட்டையா?”

நீ சுவரிலிருந்தே கத்தினாய். “எம்மா! சும்மா இரும்மா! மானத்த வாங்காத!”

கத்த வேண்டுமானால் மூச்சை விட்டுத்தானே ஆக வேண்டும்?

நான் பார்த்தேன். கன்னம் வடிந்தது. தோள் இறங்கியது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னமும் கனவு மாதிரிதான் இருக்கிறது. வலது கை மெல்ல எழுந்தது. பாதம் ஒரு சின்னப் பிடியைத் தடவிக் கண்டுபிடித்தது. அந்த நீலத்தில் நீ ஏறினாய் என்று சொல்ல மாட்டேன்... எழும்பினாய். வேலை முடிந்து, தலைக்கு மேல் வெளிச்சம் அகலமாகிக்கொண்டே வர, அவசரமில்லாமல் மேலே வருவோமே, அப்படி. நம் தெருவும் ஒருவழியாக வாய் திறந்துவிட்டது. அந்தோணி மாமா கத்திய கத்தலுக்கு மெர்சி, நீ புரண்டு படுத்தாய். அவ்வளவுதான்.

உச்சிப் பிடியில் ஒரு கை பட்டது. இரண்டாவது கை வருவதற்குள் வழுக்கியது. தொப்பென்று மெத்தை. மணியும் அடித்துவிட்டது.

ஒரு கை கணக்கில் சேராது. பதக்கம் இல்லை. ஸ்டெல்லாவின் கால் அளவை நினைத்துக்கொண்டே உன் பக்கத்தில் வந்தேன். நீ மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருந்தாய்! எழுந்து நேராகக் கோச் தம்பியிடம் போனாய். “அண்ணே, இந்த மஞ்சளக் கழட்டிராதீங்க. சனிக்கிழம வாரேன்.”

ஸ்டெல்லா, உனக்கு வேறு ஷூ பார்த்துக்கொள் அம்மா.

பெரியவர்கள் நாங்கள் சில சமயம் பேசாமல் இருந்துவிடுகிறோம், பிள்ளைகளே. மனசு முழுக்க உங்கள் மேல்தான் இருக்கும். ஆனால் தொங்கிக்கொண்டிருக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரியும்? நீங்களாவது கேட்டுவிடுங்கள் — “என்ன, ஆள் இருக்கீங்களா?” என்று.

செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனோம். அந்தோணி மாமா கீழே இறங்கினார். மற்றவர்கள் முன்பக்கம். பின்பக்கத்தில், அவருக்குக் காற்று போகும் டியூப்பைக் கையில் பிடித்தபடி நான் மட்டும். அன்றைக்குக் கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்துகொண்டிருந்தன.

குனிந்து, தண்ணீருக்கு வெகு அருகில் வாயைக் கொண்டுபோய், “மெதுவா வாரும் மச்சான், நாங்க இங்கனதான் இருக்கோம்” என்றேன்.

அவருக்குக் கேட்டிருக்காது... இருந்தாலும், இன்னொரு தடவை சொன்னேன்.