கானாங்கெளுத்தி மீதான விசாரணை

ஒருவர் மீது நடவடிக்கை எடுப்பதற்கு முன், அவருடைய விளக்கத்தைக் கேட்டுப் பெற வேண்டும். அரசு வேலையில் சேரும் எவருக்கும் முதலில் சொல்லித் தரப்படும் விதி இது. அரசு எழுத்தராக இருந்த என் அப்பாவுக்கு அது தலைகீழ்ப் பாடம். ஆனால் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது விதியையும் அதோடு மாட்டிவிடுவார்.

அப்போது எனக்கு எட்டு வயது இருக்கும். நாங்கள் சிதம்பரத்தில் இருந்தோம். பள்ளி விடுமுறையில் ஒருநாள், ஏதோ கோப்பில் கையெழுத்து வாங்கக் கடலூர் போன அப்பா என்னையும் கூட்டிப் போனார். முதல் பஸ். கையெழுத்துப் போடும் அதிகாரி அவ்வளவு சீக்கிரம் வரமாட்டார் என்பது தெரிந்ததுதான். அதனால் தேவனாம்பட்டினம் போய், படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய கானாங்கெளுத்தியைச் செவுளைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வாங்கினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மீன் பளபளவென்று இருந்தது.

பிறகு அலுவலக வராந்தா. ஒயர் கூடை பெஞ்சுக்கு அடியில், காவலுக்கு நான். பூனை வந்தது, விரட்டினேன். காக்கை வந்தது, விரட்டினேன். வெயிலும் வந்தது. அதையும் விரட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அதிகாரி வந்து, காபி குடித்து, கையெழுத்துப் போட்டபோது உச்சி வேளை தாண்டியிருந்தது. அங்கிருந்து கூட்டம் நெரிந்த பஸ்ஸில், எஞ்சின் பக்கத்தில் கூடையை வைத்து ஊர் வந்து சேர்ந்தோம்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பெண். வீராணம் ஏரி மீனைத் தின்று வளர்ந்தவள். கூடையை அம்மா அவளிடம்தான் கொடுத்தாள். கிணற்றடியில் மீனைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அம்மாவிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கேட்டது அம்மாவின் பதில் மட்டும்தான்.

"அவரு பாத்து வாங்கியாந்தது. பேசாம ஆக்கு."

சித்தப்பா வெளியூர் போயிருந்தார். முதல் பந்தியில் அப்பாவும் நானும். பெண்கள் எப்போதும்போல அப்புறம். முதல் வாயிலேயே என் நாக்கு சுர்ரென்றது.

"காரம் ஜாஸ்தி," என்றார் அப்பா. சொல்லிவிட்டு இன்னும் இரண்டு துண்டு போட்டுக்கொண்டார்.

கை கழுவிச் சற்று நேரத்துக்குள் என் முகம் தீயாய் எரிந்தது. வயிற்றிலும் முதுகிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி அரிப்பெடுத்தது. வாந்தி எடுத்தேன். அம்மா அலறினாள். அப்பா அதைவிடப் பெரிதாகக் கத்தினார். அவ்வளவு கோபத்தில் நான் அவரைப் பார்த்ததே இல்லை. முகம், கழுத்து, காது மடல் வரை சிவந்துவிட்டது.

"என்னாம்மா போட்ட இதுல?"

"வழக்கமா போடறதுதான் மாமா."

"ஏரி மீனு ஆக்கற கைக்குக் கடல் மீன் பக்குவம் எங்க தெரியப் போவுது! புள்ளய கொன்னுட்டு வந்து நிப்ப போல."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். குழம்பு சட்டியோடு கொல்லைக் குழியில் கொட்டப்பட்டது. முக்கியமான சாட்சிப் பொருள் அழிக்கப்பட்டதை அன்று யாரும் கவனிக்கவில்லை. தெருமுனை டாக்டர் ஓர் ஊசி போட்டு, "மீன் அலர்ஜி, இனிமே குடுக்காதீங்க" என்றார். பொழுது சாய்வதற்குள் நான் தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்தேன். அப்பாதான் தலைவலி என்று துண்டை இறுக்கிக் கட்டிப் படுத்துவிட்டார். படுத்தபடியே தீர்ப்பும் சொன்னார். எனக்கு ஆயுளுக்கும் மீன் கிடையாது. சித்தி இனி மீன் சட்டியைத் தொட வேண்டியதில்லை. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

எனக்கான தண்டனை ஒன்றும் பெரிதில்லை. கடலூரில் வேலை பார்த்துக்கொண்டு மீன் தின்னாதவன் என்ற கேலியோடு ஓய்வும் பெற்றுவிட்டேன். அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். ஆனால் சித்தியின் தண்டனை முடியவில்லை என்பது போன வருஷம்தான் தெரிந்தது. சிதம்பரத்தில் அவள் வீட்டுக்குச் சொல்லாமல் போய் நின்றேன். உள்ளே மருமகளிடம் பதறுவது வாசல்வரை கேட்டது. "அவன் வரான், மீன் சட்டிய எறக்கி மூடு!" அப்புறம் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். இதை ஒரு டாக்டரிடம் கேட்டுத் தீர்த்துவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

கடலூரில் அலர்ஜிக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். என் மகள் வயதுப் பெண். ரத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சட்டைக் கையைச் சுருட்டினேன்.

"இருங்க சார். ரத்தத்துல காட்டுனாலும் அது அலர்ஜின்னு ஆயிடாது. காட்டலன்னாலும் அதோட முடிஞ்சிடாது. மொதல்ல நடந்தத சொல்லுங்க."

முதலில் விசாரணை, பிறகு பரிசோதனை. முறை தெரிந்த ஒருவரை வாழ்க்கையில் ஒருவழியாகச் சந்தித்துவிட்ட நிம்மதியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"வேற யாரு சாப்ட்டாங்க?"

"அப்பா."

"அவருக்கு ஒண்ணும் ஆவலயா?"

"கோவம்தான் வந்துச்சு. காது வரைக்கும் செவந்துட்டாரு. அப்புறம் தலவலின்னு படுத்துட்டாரு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், அது கோவமா?"

அறுபது வருஷத்துக்கு அருகில் அதைக் கோபம் என்றே நம்பியிருந்தேன். சில வகை மீன்களை வெயிலில் வைத்தால் அதில் ஒரு பொருள் ஊறிவிடுமாம். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாதாம். நாக்கில் சுர்ரென்னுமாம். தின்றவருக்கு முகச் சிவப்பு, தடிப்பு, தலைவலி என்று அலர்ஜி போலவே எல்லாம் வருமாம். அப்படியென்றால் சமைத்தவர் கையிலும் குற்றமில்லை, என் உடம்பிலும் இல்லை. "ஆனா இது யூகம்தான்," என்று சொல்லிவிட்டுத்தான் ரத்தம் எடுக்கச் சொன்னார்.

பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை, இறால், நண்டு, மீன் என்று வழக்கமாகச் சந்தேகிக்கப்படும் எல்லோரும் விசாரிக்கப்பட்டார்கள். மீனில் ஒன்றுமில்லை. பாலில் மட்டும் லேசாக ஏதோ காட்டியது.

"காபி குடிக்கிறீங்களா?"

"தெனம்."

"ஒண்ணும் பண்றதில்லயே? அப்ப அத மறந்துடுங்க."

இருந்தாலும் மீனை அவர் கண் முன்னால்தான் தின்ன வேண்டும் என்றார். அவருடைய மருத்துவமனையில், பக்கத்தில் ஊசி மருந்தெல்லாம் தயாராக இருக்க, கானாங்கெளுத்தியைத் துளித் துளியாகக் கொடுத்தார்கள். பிறகு நெடுநேரம் உட்கார வைத்தார்கள். எதுவும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் இருந்ததற்காக அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

சிதம்பரம் போய்ச் சித்தியிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். வராந்தா, வெயில், பஸ் எஞ்சின், அப்பாவின் காது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"கழுவறப்பவே தெரியும் கண்ணு," என்றாள். "மீனு வயிறு எளகிக் கெடந்துது. அக்காகிட்ட சொன்னன்."

"அப்பாகிட்ட ஏன் சித்தி சொல்லல?"

"நல்லா கேட்ட போ. வாங்கியாந்தவரு யாரு? வந்து மூணு மாசம். நீங்க வாங்கியாந்தது கெட்டுப்போச்சு மாமான்னு நான் சொல்லிட்டு, அந்த வூட்ல குந்தியிருக்க முடியுமா?"

"அப்புறம் இத்தன வருஷமா நான் வந்தா எதுக்குச் சட்டிய மூடுனீங்க?"

"மீனுதான் கெட்டதா, ஒன் ஒடம்புக்கே ஆவாதான்னு எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம ஒனக்குக் குடுத்துப் பாக்கச் சொல்றியா?" முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினாள். "ஏய், மீன்காரம்மா போயிட்டாளா பாரு. ஐஸ்ல வச்சிருந்தா மட்டும் வாங்கு."

குனிந்த தலையென்றால் குற்றத்தை ஒப்புக்கொண்டது என்றுதான் அந்த எட்டு வயதுச் சிறுவன் நினைத்தான். வாயைத் திறந்தால் வேறொருவர் தலை குனிய வேண்டியிருக்கும் என்பதற்காகவும் ஒருத்தி குனிவாள் என்பது அவனுக்குத் தெரியாது. அவளிடம் யாரும் கேட்டிராத விளக்கம் எனக்குக் கிடைத்த நாள், கோப்பில் குறிப்பதானால், ஆவணி மாதத்து இரண்டாம் ஞாயிறு.