வெந்தா சுருங்கும்

ஈரக் கட்டைவிரலால் சுலோச்சனா ஆலப்புழையை அழித்துக்கொண்டிருக்கிறார். ஒரு தேய், இன்னொரு தேய், அவ்வளவுதான். படகுத்துறை, காயல், தென்னந்தோப்பு எல்லாம் போய் அந்த இடத்தில் வழவழவென்று வெள்ளை மண் மட்டும் இருக்கிறது. "தண்ணியப் பாத்தாலே தலைய சுத்துதுன்றா. அப்புறம் என்னாத்துக்கு போட்டு சவாரி?" என்று நாத்தனாரை நினைத்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அடுத்து எர்ணாகுளத்தின் மேல் விரலை வைத்து யோசிக்கிறார்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட் ஒன்றில் அவருக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விலாவில், இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். ஈரப் பஞ்சாலும் கட்டைவிரலாலும் தேய்த்து, அப்படி ஒரு கோடு இருந்ததே தெரியாமல் செய்துவிடுவார். கிளி, நாய்க்குட்டி, குடம் சுமக்கும் பெண், யார் விலாவிலும் கோடு தங்காது. வருஷக்கணக்காகத் தேய்த்ததில் அந்த விரலில் ரேகையே இல்லாமல் போய்விட்டது. பத்திரப்பதிவு ஆபீஸில் மை தடவி உருட்டிப் பார்த்துவிட்டு, "என்னாம்மா, வெறும் மையிதான் வுழுவுது" என்றார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைதான்.

அந்த விரலை வைத்துத்தான் இப்போது பயணத்திட்டம் நடக்கிறது. யூனிட்டில் கேட்டு வாங்கிவந்த மண்ணை ஒரு பலகையில் வடைமாவு மாதிரி தட்டிப் பரப்பி, என் அட்லஸைப் பார்த்துத் தென்னாட்டை வெட்டி எடுத்திருக்கிறார். நான் அடுத்த வீட்டுக்காரன் என்ற உரிமையில் அவர் வாங்கிப்போன அட்லஸ் திரும்பி வந்தபோது கேரளா முழுக்க மண் பூசியிருந்தது. இறங்கித் தங்கப்போகும் ஊருக்கு ஒரு ஓட்டை. ரயில் போகும் வழிக்கு ஒரு கோடு. இரண்டையும் கொண்டை ஊசியால் போடுகிறார். விருத்தாசலம் ஜங்ஷனில் ஏறித் திருச்சி, மதுரை, ராமேஸ்வரம், குற்றாலம், கன்னியாகுமரி, கொல்லம், எர்ணாகுளம், பாலக்காடு என்று சுற்றி, சேலம் லைனில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். போன வழியில் திரும்பக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆறு வாரம், முதுகில் ஆளுக்கொரு பை, அவரும் அவருடைய நாத்தனார் வெண்மதியும் மட்டும்.

ஆறு வாரமா என்று நான் வாயைப் பிளந்தேன். "சார், பச்சையில பெருசா செய்யணும். வெந்தா சுருங்கும்" என்றார். பொம்மைக்கு அச்சு எடுக்கும்போதே கேட்ட அளவைவிடப் பெரிதாகத்தான் எடுப்பார்கள். காய்ந்து, சூளையில் வெந்து வெளியே வரும்போது சரியான அளவில் நிற்கும். சுலோச்சனா இந்த நியாயத்தை எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறார். நாலு நாள் லீவு வேண்டுமென்றால் ஆறு நாள் கேட்பார். "மொதலாளி வாயும் சூளைதான் சார். உள்ள போனது எதுவும் அதே அளவுல வெளிய வராது" என்பார். ஆறு வாரம் கேட்டால்தான் வெண்மதியிடம் மூன்று வாரமாவது மிஞ்சும் என்பது கணக்கு. இன்னொரு லாபமும் சொன்னார்: படத்தைச் சூளையில் வைத்து எடுத்தால் ஊருக்கும் ஊருக்கும் நடுவில் தூரமும் குறைந்துவிடுமாம். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

இந்த ஆசை எங்கேயிருந்து வந்தது என்பதற்கும் கதை உண்டு. ஒருமுறை ஜங்ஷனில் யாரையோ வழியனுப்பப் போனவர், மாற்று வண்டிக்காகக் காத்திருந்த இரண்டு வெள்ளைக்கார அம்மாக்களைப் பார்த்திருக்கிறார். தலை நரைத்தவர்கள். பிளாட்பாரத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, வேர்க்கடலைத் தோலை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார்களாம். "ரெண்டு பொம்பளைங்க சார். ஆம்பளத் தொணை இல்ல, தூக்கிவுட ஆளு இல்ல. வூட்டையே முதுவுல கட்டிக்கினு போறாங்க. கெளம்பறப்ப ஒருத்தி பையி வாரு முறுக்கிக்கிச்சு. இன்னொருத்தி அத நேராக்கி வுட்டா பாருங்க, அதப் பாத்துட்டு வந்து எனக்குச் சோறே எறங்கல." அன்று இரவே பழைய ஜமுக்காளத்தைக் கிழித்து, இரண்டு வார் வைத்து ஒரு பை தைத்தார். மறுநாள் வெண்மதிக்கும் ஒன்று தைத்தார். இப்போது அந்தப் பையில் மண் கட்டிகளைப் போட்டுக்கொண்டு, தோள் பழக வேண்டும் என்று மணிமுத்தாற்றுப் பாலம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். "மலை ஏறப் போறியா?" என்று தெரு கேட்கிறது. "ஆமா, நீயும் வரியா, இன்னொரு பையி தெக்கவா?" என்று பதில் வருகிறது.

கணவர் சிங்காரவேலுக்கு வாட்ச்மேன் வேலை. மனைவியின் திட்டத்துக்கு அவரிடமிருந்து ஒரு தடையும் இல்லை. "நான் பாத்த தூரதேசமெல்லாம் நல்லூரும் மங்களூரும்தான் சார். மங்களூருன்னா திட்டக்குடி பக்கம் இருக்குதே, அது. கப்பல் வர்ற மங்களூரு இல்ல" என்பார். "இவ போயிட்டு வரட்டும். எனக்கு ரசம் வைக்கத் தெரியும்." தெரிவது ரசம் மட்டும்தான் என்பது தெருவுக்கே தெரியும்.

தடை என்பது வெண்மதிதான். சிங்காரவேலின் தங்கை. அதே யூனிட்டில் பொம்மைகளுக்குக் கண் வரைகிறாள். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஒத்துப்போவது பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டுகிற மாதிரி, நடக்காது என்று சொல்வார்கள். இந்த இரண்டு பேரோ ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவர்கள். ஆனால் வெண்மதி ராத்திரி தன் வீட்டைத் தவிர வேறெங்கும் தங்கமாட்டாள். சேத்தியாத்தோப்பில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்றாலும், தாலி கட்டியதும் பஸ் ஏறிவிடுவாள். வேலைக்குப் போகும்போது சாவியை நிலைப்படிக்கு மேலே வைத்துவிட்டுப் போவாள். கேரளாவுக்கு வேலை தேடிப்போன அவள் கணவன் ராஜவேல் திடீரென்று வந்தால் பூட்டிய கதவின் முன் நிற்கக் கூடாது. அவன் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரு கடிதாசியும் இல்லை.

"'போறேன்'னு சொல்லல அண்ணி. 'போயிட்டு வரேன்'னுதான சொல்லிட்டுப் போனாரு?" என்பாள். சுலோச்சனா இதற்கு ஆயிரம் தடவை பதில் சொல்லியிருக்கிறார். "சாவு வூட்டத் தவுர எல்லா வூட்லயும் அப்படித்தாண்டி சொல்லிட்டுப் போவாங்க. பால்காரன்கூட அதத்தான் சொல்றான்." வெண்மதி கேட்டுக்கொள்வாள். மறுநாள் காலையிலும் சாவி நிலைப்படி மேல்தான் இருக்கும். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இத்தனை காலம் உட்கார்ந்திருக்கிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்திருக்கிறது. சுலோச்சனாவுக்குக் கோபம் வரவில்லை. அவர் பை தைத்தார்.

வருஷா வருஷம் இந்த மண் படம் போடுவது உண்டு. வெண்மதி வந்து உட்கார்ந்து, ஆசையாக எல்லாவற்றையும் கேட்பாள். பிறகு "இது வாணாம் அண்ணி, அது வாணாம் அண்ணி" என்று ஒவ்வொரு ஊராகக் குறைப்பாள். கடைசியில் "அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பாள். சுலோச்சனா படத்தை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிடுவார். சுடாத மண் கரைந்துவிடும். மறுபடி வேலைக்கு ஆகும். யார் வீட்டுக் கொலுவில் எந்த வருஷத்து ராமேஸ்வரம் கிளியாக உட்கார்ந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்?

இந்த வருஷம் கதை வேறு. யூனிட்டில் சூளையை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். கட்டி முடிக்கும்வரை வேலை இல்லை. அதற்குமுன் கடைசியாக ஒரு சூடு மட்டும் போடுகிறார்கள். "இந்தச் சூட்டுல படத்த வச்சிட்டா அப்புறம் கரைக்க முடியாது சார். வெந்த மண்ணு வெந்ததுதான். அவ இந்த தடவையும் வரலைன்னா, நான் இனிமே கேக்க மாட்டேன். கேட்டுக் கேட்டு அவளையும் நோவடிச்சிட்டேன்" என்று சுலோச்சனா சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

படத்தில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தியது. ராமேஸ்வரம் தீவு, திரும்பித்தான் ஆக வேண்டும்; அதை விட்டால், போன வழியில் திரும்பக்கூடாது என்ற சட்டம் குற்றாலத்தில் மட்டும் உடைந்திருந்தது. குற்றாலம் வரைக்கும் போன கோடு, வந்த வழியே திருநெல்வேலிக்குத் திரும்பி, கன்னியாகுமரியைச் சுற்றிக்கொண்டு கொல்லம் போனது. குற்றாலத்தை ஒட்டி, செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்துகொண்டு கொல்லத்துக்கு நேர் ரயிலே இருக்கிறதே என்றேன். சுலோச்சனா சுற்றும் முற்றும் பார்த்தார். "அந்த ரயிலு புனலூரு வழியா போவுது சார்" என்றார். பொம்மை லோடு ஏற்றிக்கொண்டு கேரளா போய்வரும் நடராசன், புனலூரில் ராஜவேலைப் பார்த்திருக்கிறார். மரக்கடையில் வேலை. பக்கத்தில் ஒரு பெண், இடுப்பில் ஒரு குழந்தை. நடராசன் சிங்காரவேலிடம் சொல்ல, சிங்காரவேல் மனைவியிடம் சொல்ல, மூன்று பேரும் வாயைக் கட்டிக்கொண்டார்கள். "அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சிருவா. அதான் சுத்து வழி" என்றார் சுலோச்சனா.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வெண்மதி வந்தாள். படம் காய்ந்து சூளைக்குப் போகவேண்டுமானால் அன்றே முடிவாக வேண்டும். சுலோச்சனா பலகைமேல் போட்டிருந்த ஈரச்சாக்கை எடுத்தார். சிங்காரவேல் கொல்லையில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். நான் மதில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றேன். எங்கள் தெருவில் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பது இல்லை.

"ராமேஸ்வரம் வாணாம் அண்ணி. அத்தினி கெணத்துத் தண்ணியும் ஊத்திக்கினா சளி புடிச்சிக்கும்" என்று வெண்மதி வழக்கம்போல் ஆரம்பித்தாள். சுலோச்சனா விரலை நனைத்து ராமேஸ்வரத்தை அழித்தார். பாலக்காடும் போயிற்று. சுலோச்சனாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. பிறகு வெண்மதியின் விரல் குற்றாலத்தில் வந்து நின்றது.

"இது என்னா அண்ணி, வந்த வழியே திரும்புது? திரும்பக்கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"கன்னியாகுமரி பாக்க வாணாமா? அதுக்குத்தான்."

"கன்னியாகுமரிய மொதல்லியே பாத்துட்டு பஸ்ஸுல குத்தாலம் வந்துட்டா? குத்தாலத்துலேருந்து நேரா கொல்லம் போயிடலாமே. புனலூரு வழியா."

கொல்லையில் வெங்காயம் பாதி உரித்தபடியே கிடந்தது. "நான் போயி டீ வாங்கியாறேன்" என்று சிங்காரவேல் எழுந்தார். தூக்குப் பாத்திரத்தை எடுக்காமலே தெருவில் இறங்கிவிட்டார்.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றாள் வெண்மதி. "நடராசண்ணன் பொண்டாட்டி எங்கிட்டதான் மொதல்ல சொன்னா."

சுலோச்சனா, "தெரிஞ்சுமாடி சாவிய மேல வச்ச?" என்று மட்டும் கேட்டார்.

"கையி பழகிப்போச்சு. என்னா பண்றது?"

பொம்மைக் கண்ணுக்குப் போடும் கறுப்பு மை அவள் நகத்தோரம் ஒட்டியிருந்தது. அந்தக் கையை வாளித் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, அவளே தன் கட்டைவிரலால் குற்றாலத்திலிருந்து திரும்பிவந்த கோட்டைத் தேய்க்க ஆரம்பித்தாள். கன்னியாகுமரியிலிருந்து கொல்லம் போன கோட்டையும் தேய்த்தாள். அண்ணியின் வேலையை அவள் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு கையை நீட்டினாள். சுலோச்சனா கொண்டை ஊசியைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அங்க எறங்கப் போறியா?"

வெண்மதி ஊசியை வாங்கி, குற்றாலத்தில் வைத்து இழுத்தாள். ஊசி மலையைத் தாண்டியது. புனலூரில் நிற்கவில்லை. கொல்லம் வரைக்கும் ஒரே கோடு. நடுவில் ஓட்டை கிடையாது.

"ஜன்னலோரம் எனக்கு" என்றாள்.

சுலோச்சனா பலகையைத் தன் பக்கம் திருப்பினார். கோடு நேராக இல்லை. பழைய கோட்டை அழித்த இடத்தில் வெண்மதியின் விரல்ரேகை வரிவரியாகப் பதிந்திருந்தது. அவருடைய ஈரக் கட்டைவிரல், பழக்கத்தில், அதைத் தேய்க்கப் போனது. மண்ணைத் தொடுமுன் நின்றது. விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, பலகையை இரண்டு கையாலும் தூக்கிப்போய்க் காய்வதற்கு நிழலில் வைத்தார்.