மூக்கில் ஒட்டிய மண்

என் தம்பி கழிவுநீர்ப் பண்ணையில் பம்பு ஓட்டுகிறான். காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு பைனாகுலரோடு குட்டைக்கரையில் உட்கார்ந்துவிடுவான். "அந்த நாத்தத்துல என்னடா பாக்குற?" என்றால், "உனக்குப் புரியாது, போக்கா" என்பான். அவனுக்கு ஒரே ஓர் ஆசை. அரிய பறவை ஒன்றை முதலில் பார்த்தவன் என்று பறவைப் பட்டியலில் தன் பேர் வர வேண்டும்.

பட்டியலைச் சரிபார்ப்பவர் ஒரு பேராசிரியர். பதினோரு வருஷமாக ஞாயிறுதோறும் இவனோடு பறவை எண்ண வருவார். இருவரும் தனித்தனியாக எழுதி, நோட்டை மாற்றிப் பார்ப்பார்கள். சார் தலையாட்டாததை இவன் சிவப்பு மையால் அடித்துவிடுவான்.

அந்த ஞாயிறு நானூறு கொசு உள்ளான்கள் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்தன. எல்லாம் சிட்டுக்குருவி அளவு. ஒன்று மட்டும் கொத்தவில்லை. தலையைக் குனிந்து, மூக்கை இடமும் வலமும் ஆட்டித் துழாவியது. பக்கவாட்டில் மற்றவை போலத்தான் இருந்தது. நேராகத் திரும்பியபோது மூக்குநுனி கரண்டியாக அகன்றிருந்தது. கரண்டிமூக்கு உள்ளான்! உலகத்திலேயே சில நூறுதான் மிச்சமாம். இவன் உடனே நோட்டில் எழுதியிருக்கிறான்.

சார் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். "மூக்குல மண்ணு ஒட்டியிருக்குப்பா. அடிச்சிரு."

அடித்துவிட்டான், மடையன். "ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன்க்கா" என்று வீட்டில் வந்து சிரிக்க வேறு செய்தான்.

அடுத்த மாதப் பறவை இதழின் அட்டையில் அதே பறவை. கண்டவர், படமெடுத்தவர் இரண்டும் பேராசிரியர். தேதி அதே ஞாயிறு, மாலை நாலரை. பண்ணைக் காவலாளியிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "ஆமாம்மா, தம்பி வீட்டுக்குப் போனப்புறம் சார் கேமராவோட திரும்ப வந்தாரே" என்றார்.

நல்லா இருப்பாரா அந்த மனுஷன்? "போனப் போட்டு நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுடா!" என்று கத்தினேன்.

"கேட்டா, நீதானே அடிச்ச, நோட்டக் காட்டுன்னுவாரு" என்றான்.

பிறகு அலமாரியிலிருந்து பதினோரு வருஷ நோட்டுகளையும் இறக்கித் தரையில் பரப்பினான். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடுகள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. ஒவ்வொரு கோட்டின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனவன், நிமிர்ந்து, கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாத என்னிடம் கேட்டான்:

"இதுல எதெல்லாம் நெசம்க்கா?"