யாரோட சட்டை இது?

இன்று மாலை தெப்பக்குளம் பக்கம் ஒரு துணிக்கடைக்குப் போனேன். விவாகரத்துக்குப் பிறகு எனக்கென்று நானே துணி எடுக்கப் போனது இதுதான் முதல் முறை.

“என்ன கலர் காட்டட்டும் மேடம்?” என்று கேட்டார் கடைப் பெண்.

எனக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் அம்மா எடுத்துத் தருவாள், பிறகு கணவர்.

மேசை நிறையச் சுடிதார் குவிந்தது. எதிலும் மனம் நிற்கவில்லை. “நாளைக்கு வரேங்க” என்று கிளம்பி, வாசல்வரை போய்த் திரும்பி வந்தேன். ஆண்கள் பகுதியில் கருஞ்சிவப்பில் ஒரு குர்தா தொங்கியது.

“அது ஜென்ட்ஸோடதுங்க.”

“பரவால்லைங்க, போட்டுப் பாக்கறேன்.”

தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் பாக்கெட். கைகளை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கழற்ற மனம் வரவில்லை. பில் போட்டுவிட்டு, அதோடேயே ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்த அம்மா மேலும் கீழும் பார்த்தாள். “யாரோட சட்டைடி இது?”

“என்னோடதும்மா.”

இப்போது பீரோவைத் திறந்துவைத்து, நானே ஆசைப்பட்டு எடுத்தது எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை ஒன்றும் அகப்படவில்லை. உங்கள் பீரோவில் ஏதாவது இருக்கிறதா? பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.