கொழும்பில் பாதிப் பாய்

கொழும்புக்குக் கப்பலேறப் போகிற இளவட்டங்கள் என்னிடம் வந்து, "அங்கன கம்மிக் காசுல எப்படிய்யா காலந்தள்ளுனீக?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

1. முதல் நாள்

தலைமன்னாரில் இறங்கி ரயிலேறிக் கொழும்பு போய்ச் சேர்ந்தபோது என்னிடம் இருந்தது ஒரு துணி மூட்டையும் கொஞ்சம் மலையாளமும்தான். கம்பத்தில் மலையாளத்து வியாபாரிகளுக்கு மூட்டை தூக்கியபோது ஒட்டிக்கொண்ட பேச்சு அது. அதை வைத்துத்தான் தங்க இடம் பிடித்தேன். மீன் கடைகளுக்குப் பின்னால் ஒரு மலையாளி வாடகைக்கு விட்டிருந்த நீள அறை. தரையில் பன்னிரண்டு பாய். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முழுப் பாயோ, பாதி மதியோ?"

மதி என்றால் மலையாளத்தில் போதும். பாதி என்பது நாளில் பாதி. ஒரே பாயில் பகலில் ஒருவன் தூங்குவான், ராத்திரி இன்னொருவன். வாடகையும் ஆளுக்குப் பாதி. "பாதி மதி" என்று உடனே சொல்லிவிட்டேன். சின்னமனூர்ப் பக்கம் வாய்க்கால் பாய்கிற துண்டு நிலம் வாங்காமல் ஊர் திரும்புவதில்லை என்று வீம்போடு வந்தவன் நான்.

2. சுருக்கியது

தேயிலை ஸ்டோரில் பெட்டி சுமக்கிற வேலை. காலையில் பாணும் (அங்கே ரொட்டிக்கு அதுதான் பேர்) பிளேன் டீயும். சீனி போட்டால் கூடக் காசு கேட்பார்கள் என்று கருப்பட்டித் துண்டை வாயில் ஒதுக்கிக்கொள்வேன். மத்தியானம் ஒன்றும் கிடையாது. சாயங்காலம் அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ச் சம்பலும். சோறு ஞாயிற்றுக்கிழமை மட்டும். டிராமில் ஏறியதே இல்லை. குடையும் வாங்கவில்லை. மழை வந்தால், பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாளில் மிஞ்சியதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவேன். தெருவே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், காசா பணமா!

என் பாயின் மறுபாதி ஓடைப்பட்டி மாயாண்டி அண்ணனுடையது. துறைமுகத்தில் நைட் வாட்ச்மேன். காலை ஆறு மணிக்கு அவர் வர நான் எழுவேன். சாயங்காலம் ஆறுக்கு நான் வர அவர் எழுவார். எழுந்ததும் பாயைக் கையால் தடவி, மண்ணைத் தட்டிவிட்டுத்தான் போவார். நான் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

3. ஒரு சாயங்காலம்

அன்று கப்பலுக்குச் சரக்கு ஏற்றும் நாள். முதுகு ஒடிந்து அறைக்கு வந்தேன். அண்ணன் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"அண்ணே, மணி ஆறாச்சு."

"மேலுக்குச் சொகமில்ல தம்பி. இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் இங்கனயே கெடந்துக்கிறேனே."

"அப்ப நான் எங்கன படுக்க? நிக்கக்கூட முடியல."

அவர் போர்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"ஆளுக்குப் பாதின்னுதான பேச்சு? ஒங்க பாதி முடிஞ்சு போச்சுண்ணே."

ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டை போட்டுவிட்டு விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ. அவர் கையை ஊன்றி எழுந்தார். வழக்கம்போலப் பாயைத் தடவிவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனார்.

பாய் கொதித்தது. அந்தச் சூட்டிலேயே படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

4. முழுப் பாய்

மறுநாள் காலையில் அவர் வரவில்லை. துறைமுக வாசலில் விழுந்து கிடந்தவரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதாக அறைக்காரர் சொன்னார். கூலி போய்விடுமே என்று ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் கேட்டது ஒன்றுதான்.

"தம்பி, எம் பாதிய வேற ஆருக்கும் விட்டுறாத. அறைக்காரவுக கேட்டாகன்னா, ரெண்டு நாள்ல வந்துருவேன்னு சொல்லு."

"ஆருக்கும் விடமாட்டேண்ணே" என்றேன்.

புதன்கிழமை, கூலி போனால் போகிறது என்று மறுபடியும் போனேன். அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். அண்ணனை முந்தின நாளே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

அதற்குப் பிறகு அந்தத் தீவில் இருந்தவரை முழுப் பாய்க்கும் நானே வாடகை கொடுத்தேன். "பகல் முழுசும் பாய் வெறுதே கிடக்குது, எதுக்காணு காசு?" என்று அறைக்காரர் கேட்டுக் கேட்டு ஓய்ந்தார். நிலம் வாங்க ஒரு வருஷம் கூடுதலாயிற்று. வாங்கியும்விட்டேன். நெல்லும் வாழையும் விளைகிறது. இறங்கி உழைக்கத்தான் உடம்பில் தெம்பில்லை.

ஆகவே தம்பிமாரே, பாண் தின்னுங்கள். டிராமை விட்டு நடங்கள். ஈயத்தாளைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுங்கள். அதனாலெல்லாம் ஒன்றும் கெட்டுவிடாது. பாயை மட்டும் முழுசாக எடுங்கள். காய்ச்சலில் கிடக்கிறவனை எழுப்புகிற உரிமை உங்களுக்கு வேண்டாம்.