பத்து மணித் தேத்தண்ணிக்கு ஓர் ஆதாரம்

எழுபதுகளின் கடைசியில் வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பியபோது, பங்களாவில் பன்னிரண்டு நிர்வாகப் புத்தகங்களை விட்டுப் போனார். எல்லாம் எப்போதோ அச்சு நின்றுபோனவை. சமையற்காரர் அவற்றைக் கணப்பு மூட்ட ஒதுக்கியிருந்தார். தேயிலைத் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான நான் போய்க் கேட்டபோது பதினொன்றுதான் மிச்சம். மற்றது நன்றாக எரிந்ததாகச் சொன்னார். பதினொன்றுக்கும் அட்டை போட்டு எண் இட்டேன்.

அடுத்து வந்த துரை நம்மவர். கோலாலம்பூரில் மூன்று நாள் பயிற்சி முடித்து, ஸ்டாப் வாட்சுடன் மலையேறினார். காலை பத்து மணிக்கு வாளியில் வரும் தேத்தண்ணிக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நிரையை விட்டு இறங்கி ஏறுவதை அளந்தார். பதினேழு நிமிடம் வீண் என்று கண்டார். திங்கட்கிழமை முதல் தேத்தண்ணி நின்றது. செவ்வாய்க்கிழமை கூடைகளில் முத்தல் இலை கூடியது. பெண்களுக்கு ஒழுங்கு போதாது என்றார் துரை.

பறிப்பவர்களில் மூத்த பெண்மணி ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார்.

"நீங்கதான் சொல்லணும், கிராணி ஐயா. குளிர்ல வெரலு மரத்துப் போவுதுலா. கொழுந்து எது, முத்தல் எது, கைக்குத் தெரியல."

போய்ச் சொன்னேன்.

"அது அந்தம்மாவோட அபிப்பிராயம். ஆதாரம் இருக்கா?" என்றார் துரை.

மூன்று நாள் தேடினேன். ஏழாம் எண் புத்தகத்தில் இருந்தது: குளிரான பட்டறையில் கையால் தரம் பிரிப்பவர்களுக்கு முற்பகலில் சூடாக ஏதாவது கொடுத்தால் தவறு குறையும். அந்தப் பக்கத்தில் காகிதத் துண்டைச் செருகித் துரையின் மேசையில் வைத்தேன். துரை பக்கத்தைப் பார்க்குமுன் அட்டையைப் பார்த்தார். இது இப்போது எங்கும் கிடைக்காது என்று நான் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். புத்தகம் அன்றே பங்களாவுக்குப் போய்விட்டது.

மறுநாள் விடியற்காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில், தாம் நடத்திய ஆராய்ச்சியின் பயனாகப் பத்து மணிக்குச் சூடான பானம் அறிமுகமாகிறது என்று அறிவித்தார். இருபது நிமிடம். பெண்கள் முகம் மாறாமல் கேட்டார்கள்.

"தொரைக்குத்தான் எப்படியெல்லாம் தோணுது," என்றார் மூத்த பெண்மணி, மரியாதையாக.

பத்து மணிக்கு, குவளையை இரு கைகளாலும் பிடித்தபடி, என்னிடம் தணிந்த குரலில் கேட்டார்:

"இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் எல்லாம் கிழிஞ்சு போச்சு. அந்தப் புஸ்தகங்கள்ல மழையப் பத்தி ஏதாச்சும் போட்டிருக்கானா?"

பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன். எட்டாம் எண் முழுவதும் வியாபாரக் கடிதம் எழுதும் முறைகள். ஒன்பதைத் திறந்திருக்கிறேன்.